நேயர் தரும் பைசாவில் பாட்காஸ்ட்: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் சொந்தமாகப் பாட்காஸ்ட் (போனில் வேண்டிய நேரத்தில் கேட்கும் ஒலி நிகழ்ச்சி) தொடங்க நினைப்பவர்களும், கேட்டுவிட்டுப் பணம் அனுப்பலாமா என்று யோசிப்பவர்களும் கேட்கும் கேள்விகள் இவை. ஒலிப்பதிவிலும் தொகுப்பிலும் சிலருக்கு உதவி வருகிறேன். அந்த அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன். எந்த நிறுவனத்தின் கையிலும் இல்லாமல் இரண்டு மூன்று பேர் சேர்ந்து நடத்தும் நிகழ்ச்சிகளைப் பற்றியே பேச்சு. வரி, சட்டம் வரும் இடங்களில் பொது விதியை மட்டும் சொல்லியிருக்கிறேன். உங்கள் கணக்கை ஓர் ஆடிட்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

பாட்காஸ்ட் இலவசமாகத்தானே கிடைக்கிறது, பிறகு எதற்குப் பணம்?

கேட்க இலவசம், செய்யச் செலவு உண்டு. செலவு என்றதும் எல்லோரும் கருவிகளை நினைக்கிறார்கள். அது உண்மையில் சிறிய தொகை. நாலைந்தாயிரம் ரூபாய் மைக்கும் கையில் இருக்கும் போனும் தொடங்குவதற்குப் போதும். முட்டத்திலோ ஆரல்வாய்மொழிப் பக்கமோ வெளியில் பதிவு செய்தால் காற்று மைக்கில் அறையும். அதைத் தடுக்க மைக்கின் மேல் மாட்டும் ரோம உறை சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. தொகுக்க ஆடாசிட்டி என்ற மென்பொருள் இலவசம். பேச்சு மட்டும் உள்ள ஒரு மணி நேர நிகழ்ச்சியை 64 கேபிபிஎஸ் தரத்தில், மோனோவாக (ஒற்றைத் தட ஒலியாக) வைத்தால் கோப்பு 29 எம்பிக்குள் அடங்கிவிடும். அதை ஏற்றி வைக்கவும் இலவச இடங்கள் இருக்கின்றன.

பெரிய செலவு நாட்கள்தான். அண்டி ஆபீஸில் (முந்திரித் தொழிற்சாலையில்) முப்பது வருஷம் முந்திரிக் கொட்டை உடைத்த ஓர் அம்மாவிடம் பேச வேண்டும் என்று வையுங்கள். முதல் நாள் மைக்கை வெளியே எடுக்காமல் பேசிப் பழக வேண்டும். அவர் வேலை முடிந்து, வீட்டில் உலை வைத்து முடிக்கும் நேரம் பார்த்து மறுபடி போக வேண்டும். நடுவில் பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடும், ரோட்டில் டெம்போ ஹாரன் அடிக்கும், சொன்னதைத் திரும்பச் சொல்லச் சொல்ல வேண்டும். இரண்டு மணி நேரப் பேச்சிலிருந்து கேட்கத்தக்க அரை மணி நேரத்தை எடுக்க நாட்கணக்கில் ஆகும். அந்த நாட்களில் செய்பவரின் வீட்டுச் செலவும் ஓட வேண்டுமே. நேயர்கள் தரும் பணம் பெரும்பாலும் வாங்கித் தருவது இந்த நாட்களைத்தான்.

கேட்பவர் பணத்தில் நிகழ்ச்சி நடத்துவது புதுப் பழக்கமா?

இல்லை. அமெரிக்காவின் பெர்க்லியில் லூயிஸ் ஹில் என்பவர் 1949-ல் தொடங்கிய கேபிஎஃப்ஏ வானொலி, விளம்பரத்தைத் தள்ளிவைத்து நேயர் சந்தாவை நம்பி நடந்தது. பாட்காஸ்ட் என்ற பெயர் 2004-ல் வந்தது. 2007-ல் ஆடம் கரியும் ஜான் டிவோராக்கும் தொடங்கிய 'நோ அஜெண்டா' இன்றுவரை விளம்பரம் வாங்காமல் நேயர் பணத்தில் ஓடுகிறது. பணம் கொடுப்பவர்களை அவர்கள் தயாரிப்பாளர்கள் என்றே அழைக்கிறார்கள். கட்டிடங்களையும் வடிவமைப்பையும் பற்றிப் பேசும் ரோமன் மார்ஸ் 2012-ல் மக்களிடம் நிதி திரட்டும் தளமான கிக்ஸ்டார்ட்டரில் கேட்டபோது 1,70,000 டாலருக்கு மேல் சேர்ந்தது. அடுத்த ஆண்டு, மாதாமாதம் பணம் கொடுப்பதற்கென்றே பேட்ரியான் என்ற தளம் வந்தது.

அவ்வளவு தூரம் போகாமலே நமக்கு இது தெரியும். ஊர்க் கோயில் கொடைக்கு வீடு வீடாக வரி பிரிக்கிறார்கள். அந்த வரிப் பணத்திலிருந்துதான் வில்லுப்பாட்டுக்காரருக்குச் சம்பளம் போகிறது. ராத்திரி பாட்டு தொடங்கினால் வரி கொடுத்தவரும் உட்கார்ந்து கேட்பார், கொடுக்க வழியில்லாதவரும் கேட்பார், பக்கத்து ஊரிலிருந்து வந்தவரும் கேட்பார். யாரையும் எழுப்பி விடுவதில்லை. இந்தப் பக்கத்தில் எழுதியிருக்கும் எல்லாமே இந்த ஒரு ஏற்பாட்டை போனுக்குள் கொண்டுவருவது பற்றித்தான்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் 1984 அக்டோபர் 30 அன்று நாகர்கோவிலில்தான் தொடங்கியது. தன் ஊர்ப் பேச்சைத் தானே ஒலியாகக் கேட்கும் பழக்கம் இங்கே நாற்பது ஆண்டு பழையது. அது அரசுப் பணத்தில் நடப்பது. தனி ஆட்கள் நடத்துவதற்குப் பணம் வேறு வழியில் வந்தாக வேண்டும்.

விளம்பரம் வாங்கினால் போதாதா?

விளம்பரக் கணக்கு ஆயிரம் பேர் கேட்டால் இவ்வளவு என்று போடப்படுவது. ஆயிரத்துக்கு 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். குமரிக் கடற்கரையின் கதைகளைச் சொல்லும் நிகழ்ச்சியை 600 பேர் கேட்கிறார்கள், மாதம் நான்கு பகுதி (எபிசோட்) வருகிறது என்றால் மொத்தம் 2,400 தடவை கேட்கப்படும். கிடைப்பது 720 ரூபாய். அதே 600 பேரில் 24 பேர் மாதம் நூறு ரூபாய் கொடுத்தால் 2,400 ரூபாய். சிறிய ஊருக்கும் சிறிய பேச்சு வழக்குக்கும் விளம்பரக் கணக்கு ஒத்துவராது. லட்சம் பேர் கேட்கும் சினிமாப் பேச்சுக்குத்தான் அது ஒத்துவரும்.

உள்ளூர்க் கடைகளிடம் நேரடியாக வாங்கலாமே என்பார்கள். வாங்கலாம், நல்ல பலரும் தருவார்கள். ஆனால் இந்த மாவட்டத்தில் பேச வேண்டிய விஷயங்களைப் பாருங்கள்: மலைக் குவாரிகள், டாரஸ் லாரிகள், மணவாளக்குறிச்சி தாது மணல், தனியார் ஆஸ்பத்திரிக் கட்டணம், பள்ளிக்கூட நன்கொடை. விளம்பரம் தரும் வசதி உள்ளவர் இவற்றில் ஏதோ ஒன்றோடு தொடர்பில் இருப்பார். அவர் ஒரு வார்த்தையும் சொல்லாமல் இருந்தாலும், நீங்களே அந்தத் தலைப்பைத் தள்ளிப் போடத் தொடங்குவீர்கள். நூறு பேர் சேர்ந்து கொடுக்கும் பணத்தில் இந்தத் தயக்கம் வராது. நேயர் நன்கொடையை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான்.

எத்தனை பேர் கொடுப்பார்கள்?

குறைவாகவே எதிர்பாருங்கள். நூறு நேயரில் மூன்று நான்கு பேர் என்று வைத்துத் திட்டம் போடுங்கள். அதற்கு மேல் வந்தால் அடுத்த மாதத்துக்கு எடுத்து வையுங்கள்.

பணம் வாங்க எளிய வழி எது?

யுபிஐ. 2016-ல் வந்தது, இன்று மீன் சந்தையிலும் தோவாளைப் பூச்சந்தையிலும் அதுதான் ஓடுகிறது. 2020 ஜனவரி முதல் யுபிஐ பரிமாற்றத்துக்கு வங்கிகள் வணிகரிடம் கட்டணம் பிடிப்பதில்லை. முப்பது ரூபாய் அனுப்பினால் முப்பது ரூபாயும் வந்து சேரும். சிறு தொகைகளை நம்பி நடத்துகிறவர்களுக்கு இது பெரிய விஷயம்.

சில ஏற்பாடுகளை முதலிலேயே செய்துவிடுங்கள். வீட்டுச் செலவுக் கணக்கில் வாங்காதீர்கள். நிகழ்ச்சிக்கென்று தனிக் கணக்கு திறங்கள். உங்கள் போன் எண்ணே யுபிஐ முகவரியாக இருந்தால் ஊர் முழுக்க அந்த எண் போய்விடும். பெண்கள் நடத்தும் நிகழ்ச்சியானால் இதை இன்னும் கண்டிப்பாகச் சொல்வேன். எண் இல்லாத வேறு முகவரியை வங்கிச் செயலியில் உருவாக்கிக்கொள்ளலாம். பணம் அனுப்பும்போது திரையில் வங்கிக் கணக்கில் உள்ள பெயர் தெரியும், நிகழ்ச்சியின் பெயர் தெரியாது. ஆகவே 'இந்தப் பெயர் வந்தால் சரி, வேறு பெயர் வந்தால் அனுப்பாதீர்கள்' என்று நிகழ்ச்சியிலேயே சொல்லிவிட வேண்டும். உங்கள் க்யூஆர் கோட்டை மாற்றி வேறொன்றைப் பரப்பும் ஆட்கள் எங்கும் உண்டு.

காதால் கேட்பவருக்கு க்யூஆர் கோட்டை எப்படிக் காட்டுவது?

இது பலரும் யோசிக்காத இடம். ரப்பர்த் தோட்டத்தில் விடியற்காலையில் பால் வெட்டிக்கொண்டே கேட்பவரின் கையில் கத்தி இருக்கிறது. போன் இடுப்பில் இருக்கிறது. அவர் திரையைப் பார்க்க மாட்டார். எனவே யுபிஐ முகவரி வாயால் சொல்லிக் காதால் பிடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும்: குட்டையாக, புள்ளியும் கோடும் எண்ணும் இல்லாமல், தமிழில் உச்சரித்தால் எழுத்துக் குழப்பம் வராத சொல்லாக. 'ழ', 'ள' வரும் பெயரை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். அப்படிப்பட்ட சொல்லைத் தவிர்த்துவிடுங்கள். ஒவ்வொரு பகுதியிலும் ஒரே மாதிரி, நிதானமாக இரண்டு தடவை சொல்லுங்கள். பகுதியின் விவரக் குறிப்பின் முதல் வரியிலும் போடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் பகுதியை அனுப்பும்போது கீழேயே க்யூஆர் படத்தையும் அனுப்புங்கள். குமரியில் பாட்காஸ்ட் செயலியைத் திறந்து கேட்பவரைவிட வாட்ஸ்அப்பில் வந்த ஒலியைத் தட்டிக் கேட்பவர்களையே நான் அதிகம் பார்க்கிறேன்.

மாதாமாதம் தானாக வரும்படி செய்ய முடியுமா?

முடியும். யுபிஐ ஆட்டோபே 2020-ல் வந்தது. நேயர் ஒருமுறை ஒப்புதல் கொடுத்தால் மாதத்தில் குறித்த நாளில் தொகை எடுக்கப்படும். எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் அவருக்கு அறிவிப்பு போகும். 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு முறையும் ரகசிய எண் (PIN) போட வேண்டியதில்லை. வேண்டாம் என்றால் அவரே தன் செயலியில் நிறுத்திக்கொள்ளலாம், உங்களிடம் கேட்க வேண்டியதில்லை. இந்தக் கடைசி விஷயத்தை நிகழ்ச்சியில் அழுத்திச் சொல்லுங்கள். 'பைசா தானா போயிட்டே இருக்குமோ' என்ற பயம் நம் ஆட்களுக்கு அதிகம். அது நியாயமான பயமும்கூட.

ஆட்டோபே வைக்க ரேசர்பே போன்ற கட்டண நிறுவனத்தில் வணிகக் கணக்கு வேண்டும். அவர்களின் கட்டணம் 2 சதவீதம், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி என்றால் நூறு ரூபாயில் 2 ரூபாய் 36 காசு போகும். தருவதற்குத் தகுதியான செலவு அது. ஒருமுறை ஆயிரம் ரூபாய் வருவதைவிட மாதம் ஐம்பது ரூபாய் வந்துகொண்டிருப்பதுதான் அடுத்த மாதம் என்ன செய்யலாம் என்று துணிந்து யோசிக்க வைக்கும்.

பேட்ரியான், யூடியூப் மெம்பர்ஷிப் எல்லாம்?

யூடியூப் மெம்பர்ஷிப்பில் 30 சதவீதம் யூடியூபுக்குப் போகும். பேட்ரியான் புதிதாகச் சேர்கிறவர்களிடம் 10 சதவீதம் எடுக்கிறது, பணம் பரிமாறும் கட்டணம் தனி; ஐபோன் செயலி வழியாகச் சேர்ந்தால் ஆப்பிளின் 30 சதவீதமும் நடுவில் வருகிறது. 2021 அக்டோபரில், அட்டையிலிருந்து மாதாமாதம் தானாகப் பணம் பிடிப்பதற்கான ரிசர்வ் வங்கியின் விதி வந்தபோது இந்திய அட்டைகளில் வெளிநாட்டுச் சேவைகளுக்குப் போய்க்கொண்டிருந்த மாதத் தொகைகள் ஏராளமாகத் தடைபட்டன. திங்கள்நகரில் இருக்கும் நேயரிடம் அமெரிக்க நிறுவனம் வழியாக நூறு ரூபாய் வாங்குவதில் பொருளில்லை. வெளிநாட்டு நேயருக்காக என்றால், அடுத்த கேள்வியை முதலில் படியுங்கள்.

நான் சவூதியில் தம்மாமில் வேலை பார்க்கிறேன். அக்கா லண்டனில் நர்ஸ். நாங்கள் அனுப்பலாமா?

குமரி மாவட்டத்தில் இந்தக் கேள்வி வராத நிகழ்ச்சியே இருக்காது. வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவிலோ ஐரோப்பாவிலோ இருக்கும் ஊர்கள் இவை. ஊர்ப் பேச்சைக் கேட்க அதிகம் ஏங்குபவர்களும், மனமுவந்து அனுப்புபவர்களும் அவர்கள்தான். ஆகவே விதியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பார்க்க வேண்டியது ஆள் எங்கே இருக்கிறார் என்பதை அல்ல, கையில் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்பதை. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தம்மாமில் இருந்தாலும் லண்டனில் இருந்தாலும், தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம் வெளிநாட்டுப் பங்களிப்பாகக் கருதப்படாது. அக்கா பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால் கதை மாறிவிடும். ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கானது) இருந்தாலும், பிறந்தது கருங்கல்லாக இருந்தாலும், சட்டப்படி அது வெளிநாட்டு மூலம்.

அந்தப் பணத்தை 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், எஃப்சிஆர்ஏ, கட்டுப்படுத்துகிறது. ஒலி வடிவில் செய்தியோ நடப்பு நிகழ்வுகளோ தயாரிக்கும் அமைப்பும் நிறுவனமும் அதை வாங்கவே கூடாது. அவற்றின் ஆசிரியர், செய்தியாளர், பத்தி எழுதுபவருக்கும் தடை உண்டு. பண்பாடு, கல்வி, சமூகப் பணி என்ற வகையில் வருபவர்கள் உள்துறை அமைச்சகத்தில் பதிவோ முன் அனுமதியோ பெற்று, புதுதில்லி எஸ்பிஐ முதன்மைக் கிளையில் அதற்கான கணக்கைத் திறந்த பிறகே வாங்க முடியும். இரண்டு பேர் நடத்தும் நிகழ்ச்சிக்கு இது தூக்க முடியாத சுமை. என் யோசனை: வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர்களிடம் நன்கொடை வாங்காதீர்கள். காரணத்தை மரியாதையாகச் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள். பணம் அனுப்பும் படிவத்தில் 'நான் இந்தியக் குடிமகன் அல்லது குடிமகள்' என்று ஒரு வரியைச் சேர்த்து, டிக் செய்த பிறகே அடுத்த கட்டத்துக்குப் போகும்படி வையுங்கள்.

தம்மாம் அண்ணனுக்கு ஒரு வசதி உண்டு. வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ வங்கிக் கணக்கோடு இணைத்த வெளிநாட்டு போன் எண்ணிலேயே யுபிஐ பயன்படுத்த 2023-ல் பத்து நாடுகளுக்கு வழி திறந்தார்கள். சவூதி, அமீரகம், கத்தார், ஓமன், சிங்கப்பூர், பிரிட்டன் அவற்றில் அடக்கம்.

வரி கட்ட வேண்டுமா?

உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் வரும் அன்பளிப்புகளின் கூட்டுத்தொகை 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுத் தொகையும் வருமானமாகக் கணக்கில் வரும். ஒவ்வொருவரும் சிறிது சிறிதாகக் கொடுத்தாலும் கூட்டித்தான் பார்க்கப்படும். தொடர்ந்து நிகழ்ச்சி நடத்தி வாங்கும்போது அதைத் தொழில் வருமானமாகக் காட்டி, மைக், பயணம், தொகுப்புக் கூலி ஆகியவற்றைக் கழிப்பதும் ஒரு வழி. எது உங்களுக்குப் பொருந்தும் என்பதை ஆடிட்டர் சொல்லட்டும். ரசீதுகளை மட்டும் முதல் நாளிலிருந்தே எடுத்து வையுங்கள். சேவைகளுக்கான ஜிஎஸ்டி பதிவு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்போது வரும் பேச்சு.

கொடுத்தவருக்கு 80ஜி எனப்படும் நன்கொடை வரிவிலக்கு கிடைக்குமா?

கிடைக்காது. அது பதிவு பெற்ற அறக்கட்டளைகளுக்கு உரியது. தனிநபர் நடத்தும் பாட்காஸ்டுக்கு அந்தச் சலுகை இல்லை என்பதைக் கேட்பவரிடம் நேராகச் சொல்லிவிடுங்கள்.

பணம் கொடுத்தவருக்குத் தனியாக ஏதாவது தர வேண்டாமா?

கொடுத்தவருக்கு மட்டும் கேட்கக் கிடைக்கும் பகுதி என்று ஒன்றை வைக்கும் வழக்கம் உண்டு. பலருக்கு அது வருமானமும் தருகிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தூத்தூரில் பதிவு செய்த சுறா வேட்டைக் கதையைத் தூத்தூர்க்காரர் ஒருவர் காசில்லாததால் கேட்க முடியவில்லை என்றால் அந்த நிகழ்ச்சி யாருக்காக? பகுதி எல்லோருக்கும் ஒரே நாளில் போகட்டும்.

நன்றியைப் பெயர் சொல்லித் தெரிவிக்கலாம். ஆனால் அனுமதி கேட்டுவிட்டுச் சொல்லுங்கள், தொகையைச் சொல்லாதீர்கள். ஊரில் தொகை தெரிந்தால் 'அவன் ஐநூறு, நான் ஐம்பதா' என்று ஒருவர் கூச்சப்பட்டு நிறுத்துவார், இன்னொருவர் வீம்புக்குக் கடன் வாங்கிக் கொடுப்பார். இரண்டும் வேண்டாம். பெயர்களை அகர வரிசையில் வாசித்துவிடுங்கள்.

பெரிய தொகை கொடுத்தவர் 'இதைப் பேசு, அதைப் பேசாதே' என்றால்?

திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அதனால்தான் ஒரு வரம்பு தொடக்கத்திலேயே வேண்டும்: ஒருவரிடம் வாங்கும் தொகை மாத வரவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அப்படி வைத்தால் யார் போனாலும் நிகழ்ச்சி நிற்காது. அரசியல் கட்சிகள், சாதிச் சங்கங்கள், மத அமைப்புகள் ஆகியவற்றின் பணத்தை முழுக்கத் தவிர்ப்பது நல்லது. 1982 மண்டைக்காடு மதக் கலவரத்தின் நினைவு இன்னும் உயிரோடு இருக்கும் மாவட்டம் இது. ஒரு பக்கத்துப் பணம் உள்ளே வந்தது என்று தெரிந்தால் மறு பக்கத்து ஆள் உங்கள் மைக் முன்னால் வாய் திறக்க மாட்டார். தேர்தல் காலத்தில் இன்னும் கவனம் வேண்டும். அந்த மாதங்களில் புதிதாக வரும் பெரிய தொகைகளை யாருடையது என்று விசாரித்த பிறகே தொடுங்கள்.

கணக்கை எப்படிக் காட்டுவது?

வாயால். மாதத்தின் முதல் பகுதியில் ஒரு நிமிடம் எடுத்து, வந்தது இவ்வளவு, போனது இவ்வளவு, கையில் இருப்பது இவ்வளவு என்று வாசியுங்கள். செய்பவர் எடுத்துக்கொண்ட சம்பளத்தையும் சொல்லுங்கள். அதைச் சொல்லத்தான் எல்லோருக்கும் கூச்சம். கொடுத்தவர்களுக்கு அதில் ஆட்சேபம் இருப்பதில்லை. மறைத்தால்தான் ஆட்சேபம் வரும். ஒலியாக வாசித்த கணக்கு ஊர்க் கூட்டத்தில் வாசித்த கணக்குக்குச் சமம், பிறகு மாற்ற முடியாது.

எப்போது கேட்பது, எப்படிக் கேட்பது?

பகுதியின் தொடக்கத்தில் கேட்காதீர்கள். நடுவில், ஒரு கதை முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் அரை நிமிடம் போதும். பொதுவாக 'ஆதரவு தாருங்கள்' என்றால் யாருக்கும் உறைக்காது. எதற்கு, எவ்வளவு, இதுவரை எவ்வளவு என்று சொல்லுங்கள். இப்படி:

'மக்களே, அடுத்த மாசம் தேங்காப்பட்டணம் போயி மூணு பேருகிட்ட பேசிட்டு வரணும். பஸ்ஸு, சாப்பாடு, எடிட்டிங் எல்லாம் சேத்து நாலாயிரம் ரூவா ஆவும். இப்ப வரைக்கும் ஆயிரத்து எண்ணூறு வந்திருக்கு. முடிஞ்சவங்க குடுங்க. முடியாதவங்க சும்மா கேளுங்க, உங்களுக்காகவும் சேத்துதான் செய்றோம்.'

இதில் கெஞ்சலும் இல்லை, அதட்டலும் இல்லை.

காலம் பார்த்துக் கேட்பது நம் மாவட்டத்தில் மிக முக்கியம். விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடை இங்கே இரண்டு தவணையாக வருகிறது. சின்னமுட்டம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் சேர்வதால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் உள்ள மேற்குப் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அந்த மாதங்களில் கடற்கரை நேயர்களிடம் கேட்காதீர்கள். கிழக்கிலும் மேற்கிலும் படகுகள் ஒன்றாகக் கட்டிக் கிடக்கும் ஜூன் முதல் பாதியில் யாரிடமும் கேட்க வேண்டாம். பள்ளிக்கூடம் திறக்கும் செலவும் அப்போதுதான். மழை பிடித்து ரப்பர்ப் பால் வெட்டு நின்றால் குலசேகரம், அருமனைப் பக்கம் கூலி நிற்கும். ஊரில் பணம் ஓடும் நேரத்தில் கேட்டுச் சேர்த்து, ஓடாத நேரத்தில் அதைச் செலவழியுங்கள்.

ஒன்றை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள். 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலில் மகனைக் கடலுக்குக் கொடுத்த தாய் பேசும் பகுதியில் பணம் பற்றி ஒரு சொல்லும் வரக் கூடாது. கேட்பவர் மனம் இளகியிருக்கும் நேரம் அது, கூடுதலாக வரும் என்று தோன்றும். அந்தக் கண்ணீர் உங்களுடையது இல்லை.

பணம் கொடுக்க முடியாதவர் வேறு என்ன செய்யலாம்?

நிறைய. சத்தமில்லாத ஓர் அறையை இரண்டு மணி நேரம் தரலாம். தாத்தாவை அழைத்து வந்து உட்கார வைக்கலாம். மலையாளம் கலந்த விளவங்கோடு வழக்கைப் புரிந்து எழுதித் தரலாம். பக்கத்து வீட்டுப் பாட்டிக்குப் போனில் போட்டுக் காட்டலாம். 'நோ அஜெண்டா'க்காரர்களும் நேயர்களிடம் நேரம், திறமை, பணம் என மூன்றில் எதையும் தரலாம் என்றுதான் கேட்கிறார்கள். நன்றி சொல்லும்போது இவர்களின் பெயர்களையும் அதே பட்டியலில் கலந்து வாசியுங்கள்.

பேட்டி கொடுத்தவருக்குப் பணம் கொடுக்கலாமா?

கலைஞர் பாடினால், வில்லடித்தால், கட்டாயம் கொடுக்க வேண்டும். அது அவர் தொழில். தன் அனுபவத்தைச் சொல்பவருக்குப் பேச்சுக்கென்று பணம் கொடுத்தால் கதை பணத்துக்கு ஏற்ப வளரும். ஆனால் அன்று அவர் இழந்த கூலியையும் வண்டிச் செலவையும் நீங்கள்தான் ஏற்க வேண்டும்.

நன்கொடையில் நடத்துவதால் சினிமாப் பாட்டைப் போட்டுக்கொள்ளலாமா?

கூடாது. லாபம் இல்லை என்பது பதிப்புரிமைக்கு விலக்கு ஆகாது. ஊர்க் கலைஞர் ஒருவரை வாசிக்கச் சொல்லிப் பணம் கொடுத்து, எழுத்தில் அனுமதி வாங்கிப் பதிவு செய்யுங்கள்.

பாட்காஸ்ட் 2.0 என்கிறார்களே, அதனால் பயன் உண்டா?

பாதி உண்டு. 2020-ல் ஆடம் கரியும் டேவ் ஜோன்சும் தொடங்கிய முயற்சி அது. நிகழ்ச்சியின் ஆர்எஸ்எஸ் ஓடையிலேயே (புதிய பகுதிகளைச் செயலிகளுக்குத் தெரிவிக்கும் கோப்பு) நன்கொடைப் பக்கத்தின் முகவரியைப் பொதித்து வைக்க ஒரு குறியைச் சேர்த்தார்கள். அதை ஆதரிக்கும் செயலிகளில் பொத்தானாகத் தெரியும். போட்டு வையுங்கள், செலவில்லை. கேட்கும் நிமிடத்துக்கு ஏற்ப பிட்காயின் துளிகளை அனுப்பும் ஏற்பாட்டை மட்டும் விட்டுவிடலாம். 2022 முதல் இங்கே பிட்காயின் போன்ற மெய்நிகர் சொத்து லாபத்துக்கு 30 சதவீத வரி.

இதை வைத்துப் பிழைக்க முடியுமா?

இந்த அளவில் முழுதாக முடியாது. செலவைக் கட்டி, ஒருவருக்குப் பகுதிநேரக் கூலி தரும் இடம் வரை போகலாம். அதையே முதல் குறியாக வையுங்கள். தொகுப்பவருக்குக் கொடுக்கும் கூலியை ஒருபோதும் பாக்கி வைக்காதீர்கள்.

நிகழ்ச்சியை நிறுத்த வேண்டி வந்தால்?

முதலில் எல்லா ஆட்டோபே ஒப்புதல்களையும் உங்கள் பக்கத்திலிருந்து ரத்து செய்யுங்கள். அதன் பிறகு அறிவியுங்கள். அறிவித்த பிறகு ஒரு ரூபாயும் வரக் கூடாது. கடைசிப் பகுதியில் கடைசிக் கணக்கை வாசியுங்கள். கையில் மிச்சம் இருந்தால் அதைப் பதிவுகளைக் காப்பதற்குச் செலவிடலாம் என்று நேயர்களிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். கட்டண இடத்தில் வைத்த ஒலிக் கோப்புகள் கட்டணம் நின்றால் அழிந்து போகும். எல்லாவற்றையும் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணையக் காப்பகத்தில் ஏற்றுங்கள், அது இலவசம். பேசியவரின் பெயர், ஊர், தேதி ஆகியவற்றைத் தமிழில் சேர்த்து எழுதுங்கள். பேசிய ஒவ்வொருவரின் வீட்டுக்கும் அவர்களுடைய பகுதியைப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிடுங்கள். வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர்களின் பதிவை மட்டும் எங்கும் ஏற்றாமல் அவர்களிடமே ஒப்படைத்துவிட்டு, உங்கள் கணினியிலிருந்து அழித்துவிடுங்கள்.